ட்விலைட் ஸோன் கடைசி எபிசோட்: அந்தச் சிறுமியின் குரல் ஏன் நடுவில் மாறுகிறது?

நடுநிசி_வாசகன் எழுதியது:

ஏழெட்டு மாதமாக, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒன்று அல்லது இரண்டு என்று, 'த ட்விலைட் ஸோன்' தொடரை ஒளிபரப்பான வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். ராட் ஸெர்லிங் நடத்திய அந்தப் பழைய கறுப்பு வெள்ளைத் தொடரைச் சொல்கிறேன், பின்னால் எடுத்த புதியவற்றை இல்லை. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை என்பதால் நடுவில் ஒன்றிரண்டு சொதப்பினாலும் அடுத்த நாள் வேறு கதை, வேறு ஆட்கள், மனசு ஆறிவிடும். நேற்று 156-ஆவதையும் பார்த்து முடித்தாயிற்று. இதற்கு அடுத்த நாள் என்று ஒன்று இல்லாததால்தானோ என்னவோ, இந்த ஏமாற்றம் மட்டும் ஆற மாட்டேன் என்கிறது.

கடைசியாக ஒளிபரப்பானது 'த பிவிட்சின் பூல்', 1964 ஜூன் 19. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய வீடு, நீச்சல் குளம், காசுக்குக் குறைவில்லை, ஆனால் அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர், ஸ்போர்ட் என்கிற சிறுமியும் ஜெப் என்கிற அவள் தம்பியும். ஒரு நாள் குளத்துத் தண்ணீருக்குள்ளிருந்து வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பையன் தலையை நீட்டி, என் பின்னால் வாருங்கள் என்று கூப்பிடுகிறான். இவர்களும் முங்கிப் போய் எழுந்தால் அது ஒரு கிராமத்துக் குளம், சுற்றிலும் மரம், விளையாடும் பிள்ளைகள், எல்லோரையும் பார்த்துக்கொள்ள ஆண்ட் டி என்று ஒரு கிழவி. பெற்றவர்கள் அருமை தெரியாமல் விட்ட பிள்ளைகள் வந்து சேரும் இடம் அது. கேட்கும்போதே நல்ல கதை இல்லையா?

ஆனால் பார்க்கும்போது ஒட்டவே இல்லை. குளக்கரையில் ஸ்போர்ட் பேசினால் ஒரு குரல், வீட்டுக்குள் வந்ததும் வேறு குரல். முதலில் என் ஹெட்போனில்தான் கோளாறு என்று கழற்றி மாட்டிப் பார்த்தேன். அது போதாதென்று, தொடக்கத்தில் அப்பா அம்மா பிரியப் போவதாகச் சொல்லி, பிள்ளைகள் ஓடிப்போய்க் குளத்தில் குதிக்கும் காட்சி, முடியப் போகிற நேரத்தில் அப்படியே திரும்ப வருகிறது. இருப்பதே 25 நிமிடம், அதில் ஒரே காட்சி இரண்டு முறையா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் பார்த்த பிரதியில் கோளாறா, இல்லை எடுத்ததே இப்படித்தானா? ஐந்து வருடம் ஓடிய ஒரு தொடரை இப்படித்தான் முடிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்?

---

பழைய_டிவி_பெட்டி:

உங்கள் பிரதியில் கோளாறு இல்லை, எல்லாப் பிரதியிலும் இப்படித்தான் இருக்கும்.

ஸ்போர்ட்டாக நடித்தது மேரி பேடம். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் ஸ்கவுட்டாக வருவாளே, அதே பெண். 1962-இல் வந்த அந்தப் படத்துக்காகப் பத்து வயதிலேயே ஆஸ்கர் பரிந்துரை வரை போனவள். இதை எடுத்தது எம்ஜிஎம் ஸ்டுடியோவில், அங்கே வெளிப்புறக் காட்சிகளில் பதிவான ஒலி சுற்றியிருந்த இரைச்சலால் உபயோகப்படவில்லை. எனவே வசனத்தைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அதற்குள் மேரி அலபாமாவில் இருக்கும் தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள், மறுபடி லாஸ் ஏஞ்சலஸுக்கு விமானத்தில் வரவழைக்கச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள். அவளுக்குப் பதிலாகப் பேசியவர் ஜூன் ஃபோரே. கார்ட்டூனில் ராக்கி என்கிற பறக்கும் அணிலுக்குக் குரல் கொடுத்தவர், இந்தத் தொழிலில் பெரிய ஆள். நீங்கள் வரிசையாகப் பார்த்தவர் என்பதால் அவர் குரலை முன்பே கேட்டிருக்கிறீர்கள். இதே ஐந்தாவது சீசனில் 'லிவிங் டால்' எபிசோடில் டாக்கி டீனா என்ற பொம்மை பேசும் அல்லவா, அது அவர்தான்.

இன்னொன்று. இது கடைசி எபிசோடாகத் திட்டமிடப்பட்டதே இல்லை. கடைசியாகப் படம்பிடித்தது 'கம் வாண்டர் வித் மி', ரிச்சர்ட் டானர் இயக்கியது, அது மே 22-இலேயே வந்துவிட்டது. இது சரிசெய்யும் வேலைகளில் மாட்டித் தள்ளிப்போய்க் கடைசியில் வந்து விழுந்தது. தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி அதை நிறுத்துவதாக 1964 தொடக்கத்திலேயே முடிவெடுத்தாயிற்று. ஆக, இப்படி முடிப்போம் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை.

---

ரீல்_ரூம்:

சென்னையில் இருபத்திரண்டு வருடமாக டப்பிங் தியேட்டரில் சவுண்ட் இன்ஜினியராக இருக்கிறேன், ஆகவே இதில் கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குப் பெரியவர் குரல் கொடுப்பதில் தப்பே இல்லை. நம் சினிமாவில் எத்தனையோ குழந்தை நட்சத்திரங்களுக்குப் பெரிய பெண்கள்தான் பேசியிருக்கிறார்கள், பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததே இல்லை. ஜூன் ஃபோரேவின் திறமையிலும் குறையில்லை. பின்னே எங்கே தப்பு? முழுக்க ஒரே குரலாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும். இங்கே பாதி அசல் குரல், பாதி இரவல் குரல். காது பழகுவதற்குள் மாற்றிவிடுகிறார்கள். எங்கள் வேலையில் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இது, ஒரு பாத்திரத்துக்கு ஒரு தொண்டைதான்.

அந்தக் குளக்காட்சியை ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிற பிள்ளைக்கு முதலில் மூச்சுதான் வரும், வார்த்தை அப்புறம்தான் வரும். மூக்கில் தண்ணீர் ஏறியிருக்கும், பேச்சு திக்கித் திக்கி வரும், வாக்கியத்தின் கடைசி எழுத்துகள் விழுங்கப்படும். இங்கே அந்த மூச்சு எனக்குக் கேட்கவில்லை. குளிர்ந்த, காய்ந்த அறையில் மைக்குக்கு ஆறு அங்குல தூரத்தில் நின்று, பிரதியைப் பார்த்துத் தெளிவாக, அழகாகப் பேசுகிற குரல்தான் கேட்கிறது. அந்தத் தெளிவுதான் காட்டிக்கொடுக்கிறது. நாங்கள் இந்த மாதிரி ஷாட்டுக்கு டப்பிங் பேசுபவரை மைக் முன்னால் நான்கைந்து முறை உட்கார்ந்து எழச் சொல்வோம், மூச்சு வாங்க ஆரம்பித்ததும் டேக் போடுவோம். சில பேர் ஒரு வாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசிப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் நேரம் கொடுத்தால்தானே.

மேரி பேடத்தின் அசல் பேச்சில் அந்த அலபாமா இழுவை தன்னால் வரும், அந்தப் பிள்ளை யோசித்துக்கொண்டே பேசுகிற மாதிரி இருக்கும். ஃபோரே அந்த இழுவையைப் பிடிக்கப் பார்க்கிறார், ஆனால் அது கார்ட்டூன் பிள்ளையின் இழுவையாக, செல்லம் கொஞ்சுகிற மாதிரி வந்து விழுகிறது. கதையில் அந்த நேரத்தில் ஸ்போர்ட் செல்லம் கொஞ்சுகிற நிலையிலா இருக்கிறாள்?

எங்களிடம் ஒரு சீரியல் வந்தது, பெயர் வேண்டாம். எட்டு வயதுப் பையன், பரீட்சை என்று ஊருக்குப் போய்விட்டான், டெலிகாஸ்ட் மறுநாள். வேறு பையனை வைத்துப் பேசி முடித்துவிடுங்கள் என்று தயாரிப்பு தரப்பில் ஒற்றைக் காலில் நின்றார்கள். நாங்கள் அந்த ஊரிலேயே கல்யாண வீடியோவுக்கு ஒலி சேர்க்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவைப் பிடித்து, போனில் நான் வசனம் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொல்ல, படத்தையே பார்க்காமல் வைல்ட் டிராக்காக எடுத்து அனுப்பச் சொன்னோம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக வாயசைவில் உட்கார வைத்தேன். நூற்றுக்கு நூறு பொருந்தவில்லைதான். ஆனால் அது அவன் குரல். 1964-இல் அலபாமாவில் ஒரு ரேடியோ நிலையமாவது இருந்திருக்கும் இல்லையா? வாயசைவு கொஞ்சம் முன்னே பின்னே போயிருந்தாலும் பரவாயில்லை, முக்கால்வாசி ஷாட்டுகள் தூரத்தில்தானே இருக்கின்றன. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

---

மதுரை_மூன்றாம்_ஆட்டம்:

ரீல்_ரூம் அண்ணன் சொன்ன வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு, ஆனால் எனக்கு அது வேறு ஒரு எபிசோடை நினைத்து வருகிறது. முதல் சீசனில் 'த மைட்டி கேஸி' என்று ஒன்று, பேஸ்பால் ஆடும் ரோபோ கதை. அதையும் சுமாரான எபிசோட் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். அதன் பின்கதை தெரியுமா? முதலில் அதில் அணி மேலாளராக நடித்தவர் பால் டக்ளஸ். எடுத்து முடித்த சில நாட்களிலேயே, 1959 செப்டம்பரில், மாரடைப்பில் இறந்துவிட்டார். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் முகத்திலேயே நோய் தெரிந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது. செத்துக்கொண்டிருக்கிற மனிதரை வைத்துச் சிரிப்புக் கதையா என்று ஸெர்லிங்குக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி எடுக்கக் காசு தர சிபிஎஸ் மறுத்தது. ஸெர்லிங் தன்னுடைய கயூகா நிறுவனத்திலிருந்து சுமார் 27,000 டாலர் போட்டு, ஜாக் வார்டனை வைத்து அவர் வரும் காட்சிகளைத் திரும்ப எடுத்தார்.

ஒரு சுமாரான எபிசோடுக்கு அவ்வளவு செய்த அதே தொடரில், ஐந்து வருடம் கழித்து ஒரு பிள்ளைக்கு விமான டிக்கெட் எடுக்க ஆள் இல்லை. எனக்கு ஏமாற்றம் அந்த இடத்தில்தான். கதை தோற்பது எல்லோருக்கும் நடக்கும், 156 எழுதினால் இருபது தோற்கும். ஸெர்லிங் மட்டுமே 92 எழுதியிருக்கிறார், அந்தக் கை எவ்வளவுதான் தாங்கும்? தொடரின் இன்னொரு எழுத்தாளர் சார்லஸ் போமான்ட் வேறு அந்தச் சமயம் நோயில் எழுத முடியாத நிலைக்குப் போய்விட்டார், 'லிவிங் டால்' அவர் பெயரில் வந்தாலும் எழுதிக்கொடுத்தது நண்பர் ஜெர்ரி சோல். எல்லோருமே களைத்துப்போன வீடு அது. களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் குரல் விஷயத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

---

தாழ்வாரம்:

குரலைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். எனக்குக் கதையைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இது எனக்கு வெறும் கதை இல்லை.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். நீ யார்கூட இருக்கப் போறே என்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார வைத்து என்னைக் கேட்டார்கள். ரசம் சாதம். நான் பதில் சொல்லாமல் பிசைந்துகொண்டே இருந்தேன், பிசைந்து பிசைந்து அது கூழாகிவிட்டது. இந்த எபிசோடிலும் அதே கேள்விதான், எங்கள் இரண்டு பேரில் யாருடன் இருப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பிள்ளைகள் தலையில் போடுகிறார்கள். அப்போது ஸ்போர்ட் ஓடிப்போய்க் குதிக்கிறாளே, அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். எனக்கு நீச்சல் குளம் இல்லை, இரண்டு தெரு தள்ளிப் பெரியம்மா வீடு இருந்தது. பெரியம்மா எதுவும் கேட்க மாட்டாள். முறுக்கு பிழிந்துகொண்டிருந்தால் கையில் ஓர் உருண்டை மாவைக் கொடுத்து, தேன்குழல் அச்சை நீ திருப்பு என்பாள். ஆண்ட் டி கேக்கோடு நிற்பதைப் பார்த்ததும் எனக்கு எண்ணெய் வாசனை வந்தது, சத்தியமாக.

அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். இதை எழுதிய ஏர்ல் ஹாம்னர் வர்ஜீனியா கிராமத்தில் எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் மூத்தவராக வளர்ந்தவர், பிறகு அந்த வாழ்க்கையை வைத்தே 'த வால்டன்ஸ்' தொடரைக் கொடுத்தவர். கலிபோர்னியாவில் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் குடியிருந்தபோது சுற்றிலும் குடும்பங்கள் பிரிவதையும் பிள்ளைகள் நடுவில் நிற்பதையும் பார்த்துத்தான் இதை எழுதினார். உள்ளே உண்மை இருக்கிற கதை. ஆனால் கதையின் உயிர் எங்கே இருக்கிறது? முதல் முறை போனவர்கள், அம்மா தேடுவாள் என்று திரும்பி வருகிறார்கள். பிறகு தம்பி மட்டும் அங்கே போனதும் அக்கா பின்னாலேயே போய், வா வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டு வருகிறாள். அவ்வளவு மோசமான வீட்டுக்கும் ஒரு பிள்ளை ஏன் திரும்பிப் போகிறது? இதுதானே கேள்வி! நானும் ஒவ்வொரு தடவையும் பெரியம்மா வீட்டிலிருந்து இருட்டுவதற்குள் திரும்பிப் போனேன். ஏன் என்று இன்று வரை எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாது. அதை இரண்டு வசனத்தில் கடந்துவிட்டு, அந்த நேரத்தைத் தொடக்கக் காட்சியைத் திரும்பப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

அம்மாவும் பாவம், வெறும் வில்லியாக நிற்கிறாள். கெட்டவளாகவே இருக்கட்டும், ஒரு கணமாவது அவளுக்கு என்ன வலி என்று காட்டியிருந்தால் ஸ்போர்ட் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. கடைசியில் அங்கே இருக்கும்போது எங்கிருந்தோ அம்மா கூப்பிடுகிற சத்தம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகிறதே, அந்த இடத்தில் நான் அழுதேன்.

---

நடுநிசி_வாசகன்:

தாழ்வாரம் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் போட முடியவில்லை, மன்னியுங்கள். நான் கேள்வி கேட்கும்போது கண்ணில் பட்டது ஒலியும் எடிட்டிங்கும்தான், அந்த அக்கா தம்பியை அழைத்துவரப் போவதை நான் சரியாகக் கவனிக்கவே இல்லை.

ஒரு சின்ன சந்தேகம் மட்டும். குளத்துக்குள் குதித்த பிள்ளைகள் இந்தப் பக்கம் மேலே வருவதே இல்லை, அப்பா உள்ளே குதித்துத் தேடியும் கிடைக்கவில்லை. எனக்கு அதைப் பார்த்ததும் பகீர் என்றது. அவர்கள் வேறு உலகத்துக்குப் போனார்கள் என்பதைக் குழந்தைக் கதையாக எடுத்துக்கொள்வதா, இல்லை நடந்தது வேறா?

---

தாழ்வாரம்:

தம்பி, எனக்கும் அந்தப் பயம் வந்தது. ஸெர்லிங்கும் முடிவுரையில் அப்படி ஓர் இடம் கிடையாது என்று பெரியவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தனிமையில் கிடக்கிற பிள்ளைகளின் கற்பனை எவ்வளவு நிஜமாகிவிடும் என்று யாருக்குத் தெரியும் என்றுதான் முடிக்கிறார். கதையில் அவர்கள் சேர்ந்துவிட்டார்கள், நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இதை என் பையனோடு உட்கார்ந்துதான் பார்ப்பேன், தனியாகப் பார்க்க விட மாட்டேன்.

---

பழைய_டிவி_பெட்டி:

தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. ஹாம்னர் இந்தத் தொடருக்கு எழுதியது எட்டு. அதில் முதலாவது 'த ஹன்ட்', 1962 ஜனவரி 26. மலைக்காட்டில் ஒரு கிழவர், ரிப் என்று அவருடைய நாய். ராத்திரி வேட்டைக்குப் போன இடத்தில் நாய் தண்ணீரில் விழ, கிழவரும் பின்னாலேயே குதிக்கிறார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், ஆனால் அவருக்கு அது தெரியவில்லை. நடந்து போகும்போது ஒரு வாசல். சொர்க்கம் இதுதான், நீ உள்ளே வரலாம், நாய் வரக்கூடாது என்கிறான் வாசல்காரன். நாய்க்கு இடமில்லாத சொர்க்கம் எனக்கு எதற்கு என்று கிழவர் நடையைக் கட்டுகிறார். நமக்கு இது புதிதா? மகாபாரதக் கடைசியில் தருமர் இதையேதான் சொன்னார். அந்த வாசல் உண்மையில் எது என்று பிறகு தெரியவரும், சொல்லமாட்டேன்.

அதிலும் தண்ணீர்தான் வாசல், இதிலும் தண்ணீர்தான் வாசல், எழுதியவரும் ஒருவரே. அங்கே கிழவர் ஏன் குதித்தார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, நாயின் மேல் அவருக்கு இருக்கும் பாசத்தை முதலிலேயே அவசரப்படாமல் காட்டிவிடுகிறார்கள். தாழ்வாரம் கேட்கிற அந்த நேரத்தை அங்கே கொடுத்திருக்கிறார்கள்.

---

ரீல்_ரூம்:

நன்றாகச் சொன்னீர்கள் சார். 'த ஹன்ட்' நானும் பார்த்திருக்கிறேன், அந்தக் கிழவர் ஆர்தர் ஹனிகட் பேசுகிற தினுசு இருக்கிறதே, இழுத்து இழுத்து, பாதி வார்த்தையைத் தாடிக்குள்ளேயே விட்டுவிட்டு. வேறு யார் பேசினாலும் அந்த ஆள் அங்கே இருக்க மாட்டார்.

---

நடுநிசி_வாசகன்:

நேற்று ராத்திரி ரீல்_ரூம் அண்ணன் சொன்ன மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டேன். குளக்காட்சியில் அந்த மூச்சு இல்லை என்பது இப்போது எனக்கும் தெரிகிறது, இனிமேல் தெரியாமல் இருக்கப் போவதில்லை. அப்புறம் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். மேரி பேடம் தன் சொந்தக் குரலில் பேசும் அந்தக் கொஞ்ச நேரம், பிள்ளை எதையோ சொல்ல வந்து சொல்லாமல் நிறுத்துவது போல இருக்கிறது. இந்தக் குரலோடு முழுசாக வந்திருக்க வேண்டிய எபிசோட்.

'த ஹன்ட்' இரண்டு மாதம் முன்பு பார்த்ததுதான், தூக்கக் கலக்கத்தில் பாதி போய்விட்டது. இன்றைக்கு அப்பாவோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்க்கப் போகிறேன். தருமர் கதையை எனக்குச் சின்ன வயதில் சொன்னதே அவர்தான், நாயிடம் வரும்போது மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு, சத்தம் கூட்டி வைக்க வேண்டும்.